அனுபவம் குறைந்தவருக்கு எந்த வண்டி?

(மயிலாப்பூரில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"இடிச்சாலும் பரவாயில்லைங்கிற மாதிரி ஒரு பழைய வண்டி பார்த்துச் சொல்லுங்க சார்." மகனுக்கோ மகளுக்கோ பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தவுடன் நம் ஊரில் பெற்றோர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். மயிலாப்பூரில் கேட்டிருக்கிறேன், மாம்பலத்தில் கேட்டிருக்கிறேன், அடையாறில் கேட்டிருக்கிறேன். நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன். இடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். அதனால் இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். வண்டி இடித்தால் பரவாயில்லை, சரி. அந்த நேரத்தில் வண்டிக்குள் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். அப்பா புது வண்டி எடுக்கிறார். அதில் ஆறு ஏர்பேக் இருக்கிறது. வீட்டிலிருந்த பத்து வருடப் பழைய வண்டி பிள்ளையிடம் போகிறது. அதில் ஒரு ஏர்பேக்கூட இல்லை. இருபத்தைந்து வருடம் ஓட்டிப் பழகியவர் பாதுகாப்பான வண்டியில் போகிறார். லைசென்ஸ் வாங்கி இருபத்தைந்து நாள் ஆகாத பிள்ளை பாதுகாப்பில்லாத வண்டியில் போகிறது. இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். வீட்டில் அனுபவம் குறைந்தவர் யாரோ, அவர் கையில்தான் வீட்டிலேயே பாதுகாப்பான வண்டி இருக்க வேண்டும்.

5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்: 64,105. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று, பதின்வயதினருக்கு வாங்கத் தகுந்த பழைய கார்களுக்கென்றே ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ரொம்பச் சின்ன வண்டியும் வேண்டாம், ரொம்ப வேகமான வண்டியும் வேண்டாம், வண்டி சறுக்கும்போது தானே கட்டுக்குள் கொண்டுவரும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம் இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். விலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம் ஊருக்கு வருவோம். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், அடுத்து பெயிண்டைப் பார்க்கிறார்கள். நான் முதலில் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைக் கேட்பேன். அதில் வண்டி தயாரான மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பதிவான தேதி வேறு, தயாரான தேதி வேறு. நமக்கு வேண்டியது தயாரான தேதி.

ஏன் என்று சொல்கிறேன். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்ற சின்னக் கார்களில் ஐந்தை எடுத்து மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அதே போலோவை இரண்டு ஏர்பேக்குடன் மோதிப் பார்த்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதன் பிறகுதான் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. மோதல் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும் வந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. டிரைவர் ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி, பின்பக்க பார்க்கிங் சென்சார் எல்லாம் 2019 ஜூலை 1 முதல். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக், விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2022 தொடக்கத்தில்தான் கட்டாயமானது.

அப்படியென்றால் கணக்கு எளிது. 2022-க்குப் பிறகு தயாரான வண்டி கையில் உள்ள பணத்துக்கு வந்தால் அதை எடுங்கள். வராவிட்டால் 2019 ஜூலையைத் தாண்டிப் பாருங்கள். அதற்கும் முந்தைய வண்டிதான் முடியும் என்றால், பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த மாடல் வரிசை என்று பாருங்கள். 2016-இல் வந்த ஒரே ஸ்விஃப்டில் மேல் வரிசையில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் இருக்கும், கீழ் வரிசையில் இல்லாமலும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

உங்களிடம் 4 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு 2012-இல் வந்த, பார்க்கக் கம்பீரமான ஒரு பெரிய செடான் கிடைக்கும். தோல் சீட், சன்ரூஃப் எல்லாம் இருக்கும். அதே பணத்துக்கு 2020-இல் வந்த சின்ன ஹேட்ச்பேக் ஒன்றும் கிடைக்கும். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நிறுத்த முதலாவது அழகாக இருக்கும். பிள்ளைக்கு இரண்டாவதை வாங்குங்கள். டாடா டியாகோ 2020 ஜனவரியில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே நேரத்தில் ஆல்ட்ராஸ் ஐந்து வாங்கியது. நெக்ஸான் 2018 டிசம்பரிலேயே ஐந்து வாங்கிவிட்டது. ஏர்பேக் உள்ள போலோ பழைய வண்டிச் சந்தையில் இன்னும் கிடைக்கிறது. 2019-இல் சோதித்த வேகன் ஆருக்கும் சான்ட்ரோவுக்கும் இரண்டு நட்சத்திரம். சான்ட்ரோ நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி, எனக்கும் பிடித்த வண்டிதான். என்றாலும் பிடித்ததற்காகப் பிள்ளைக்கு வாங்கக்கூடாது. ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த நட்சத்திரங்கள் பழைய சோதனை முறையில் கிடைத்தவை. 2022-க்குப் பிறகு முறை கடுமையாகிவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் சோதனை வந்திருக்கிறது. பழைய நான்கையும் புது நான்கையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

வேகமான வண்டியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 2016 செப்டம்பரில் ஒரு விடியற்காலையில் கதீட்ரல் சாலையில், வரிசையாக நின்றிருந்த ஆட்டோக்களின் மேல் ஒரு போர்ஷே கார் ஏறியது. ஓட்டியவர் ஒரு கல்லூரி மாணவர். வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறந்தார். நம் வீட்டில் போர்ஷே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் டர்போ இன்ஜின் போட்ட சின்ன எஸ்.யு.வி.கள் இன்று நடுத்தரக் குடும்ப விலைக்கே பழைய வண்டியாக வருகின்றன. முதல் வண்டிக்கு அது வேண்டாம். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போதும். டீசலும் வேண்டாம். கல்லூரிக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு டீசலால் லாபம் இல்லை. தில்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகளைப் பார்த்து மயங்காதீர்கள். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது மலிவு காணாமல் போய்விடும்.

வண்டியில் ஏர்பேக் இருக்கிறது என்று ஸ்டீயரிங்கில் எழுதியிருக்கும். உண்மையில் உள்ளே இருக்கிறதா? இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. சாவியைத் திருப்பி இக்னிஷனை மட்டும் போடுங்கள், இன்ஜினைக் கிளப்பாதீர்கள். மீட்டர் போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம்: ஏற்கெனவே ஒரு விபத்தில் ஏர்பேக் வெடித்து, மாற்றச் செலவாகும் என்று விளக்கின் வயரையே யாரோ பிடுங்கியிருக்கலாம். ஏ.பி.எஸ். விளக்கையும் இதே போலப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து விடுங்கள். தடையில்லாமல் வந்து, தானே சுருண்டு உள்ளே போக வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையைச் செய்கிற வாங்குநரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து போய் பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். ஒருவரும் பெல்ட்டைத் தொட மாட்டார்கள்.

ஏர்பேக்கிலேயே இன்னொரு விஷயம் உண்டு. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகள், வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் உள்ளிருக்கும் மருந்து கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டன. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் ஹோண்டாவும் டொயோட்டாவும் பல மாடல்களைத் திரும்ப அழைத்து, இலவசமாக மாற்றிக் கொடுத்தன. வெப்பமும் ஈரப்பதமும் சென்னைக்குப் பஞ்சமா? பழைய ஹோண்டா சிட்டியோ ஜாஸோ, டொயோட்டா ஆல்டிஸோ பார்க்கிறீர்கள் என்றால், சேஸிஸ் எண்ணைக் கொண்டு போய் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாற்றியாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது சென்னைக்கே உரிய ஆபத்துக்கு வருகிறேன். வெள்ளம்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றின் இரு கரையிலும் தண்ணீர் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, மேற்கு மாம்பலம். தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் பார்த்த வண்டிகளில் ஸ்டீயரிங் வரை சேறு இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடி அதே காட்சி. பட்ட பிறகு மக்கள் கற்றுக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுவந்து காரை நிறுத்தினார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில், சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால் அதை டோட்டல் லாஸ் என்று முடிப்போம். பணம் உரிமையாளருக்குப் போகும், வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவி, காய வைத்து, சீட் மாற்றி, வேறோர் ஊரில் விற்பார். எல்லாம் காய்ந்த பிறகு வண்டி ஓடவும் செய்யும். பிரச்சினை எங்கே என்றால், ஏர்பேக்கை எப்போது வெடிக்க வைப்பது என்று முடிவு செய்யும் மின்னணுப் பெட்டி பல கார்களில் முன்சீட்டுகளுக்கு நடுவே, தரைமட்டத்தில்தான் இருக்கிறது. சீட் அளவுக்குத் தண்ணீர் வந்தாலே அது நனைந்துவிடும். நனைந்த பெட்டி ஒரு வருடம் ஒழுங்காக இருக்கும், இரண்டு வருடம் இருக்கும். தேவைப்படுகிற அந்த ஒரு நொடியில் வேலை செய்யுமா என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. இன்ஜின் கெட்டால் வண்டி நிற்கும், உங்களுக்குத் தெரியும். இது கெட்டால் தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்க வழி உண்டு. பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், வழக்கமாகச் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கும். டிரைவர் காலடியில் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள், மணல் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பழைய வண்டியில் சீட் கவர் மட்டும் புத்தம் புதிதாக இருந்து, ஏ.சி.யும் சென்டும் தூக்கலாக இருந்தால், இரண்டையும் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள், ஈர வாடை அடிக்கிறதா என்று தெரியும். முடிந்தால் விற்பவரிடம் 2015, 2023 டிசம்பர் மாதங்களில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வண்டிப் புரோக்கர்கள் சொல்லும் வசனங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், லேடி யூஸ். எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதை எம்-பரிவாகன் செயலியே சொல்லும். நிலுவை அபராதத்தையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று தெரிய, சர்வீஸ் சென்டரில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். டி போர்டாக, அதாவது டாக்சியாக ஓடி ஓன் போர்டுக்கு மாறிய வண்டியா என்றும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை வண்டி விலையிலேயே சேர்த்துப் பேசுங்கள். கண்ணாடி, கதவுப்பிடி போன்றவற்றுக்குப் புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தை அருமையான இடம். ஏர்பேக், பெல்ட், பிரேக் பாகங்களை மட்டும் பழையதாக எங்கும் வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது. விற்பவர் முன்கூட்டியே கிளப்பி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். லஸ்ஸிலிருந்து கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் போய், கடற்கரைச் சாலையில் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து பிரேக்கை நன்றாக மிதித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். திரும்பி கிரீன்வேஸ் சாலை வழியாக அடையாறு போய், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து பாருங்கள், கிளட்ச் தெரியும். ஓட்டும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் அவர்களுக்குப் பின்னால் வருவது தெரிகிறதா, கால் பிரேக்குக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு ஆறடி அப்பா உட்கார்ந்து பார்த்து வண்டி தேர்ந்தெடுப்பது எப்படிச் சரியாகும்?

வாங்கியதும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டையும் போட்டு, கடன் இருந்தால் வங்கிச் சான்றோடு படிவம் 35-ம் கொடுத்து, மந்தைவெளியோ திருவான்மியூரோ கே.கே. நகரோ, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. சென்னையில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி கட்டாயம் எடுங்கள். தேங்கிய தண்ணீரில் வண்டியைக் கிளப்பி, உள்ளே தண்ணீர் புகுந்து இன்ஜின் உடைந்தால், சாதாரண பாலிசியில் பணம் வராது.

பதினெட்டு ஆகாத பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். தெருமுனைக் கடைவரைக்கும்தானே என்று சாவி கொடுப்பவர்கள் அந்த இரண்டு பேரின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதல் வருடத்துக்கு வீட்டில் விதிகள் வேண்டும். நியூசிலாந்து 1987-லேயே இதைச் சட்டமாக்கியது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை தனியாக ஓட்டக்கூடாது, நண்பர்களை ஏற்றக்கூடாது. நம் சட்டத்தில் அது இல்லை. வீட்டில் நாமே வைத்துக்கொள்ளலாம். இரவில் ஈ.சி.ஆர். பக்கமே போகக்கூடாது. வண்டி நிறைய நண்பர்கள் கூடாது. ஒரே வயதுக்காரர்கள் ஏற ஏற ஓட்டுபவரின் கவனம் குறைகிறது, விபத்து கூடுகிறது. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும். 2022 செப்டம்பரில் நடந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விலை உயர்ந்த, ஏர்பேக்குகள் நிறைந்த ஒரு காரின் பின்சீட்டில் இறந்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றது காவல்துறை.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, உங்களிடம் ஒன்று. அப்பா அம்மா காட்டுகிற வண்டி உங்கள் நண்பனின் வண்டியைவிடச் சின்னதாக இருக்கலாம், நிறம் பிடிக்காமல் இருக்கலாம். தயாரான மாதமும் வருடமும் என்ன, எத்தனை ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்கு ஒழுங்காக அணைகிறதா என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் அந்த வண்டியை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போவதாகச் சிலர் சொன்னீர்கள். போய்ப் பாருங்கள், ஓட்டுங்கள், ஆர்.சி.யைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள். "இன்னொருத்தர் சாயங்காலம் வர்றார், இப்பவே சொல்லிடுங்க" என்பார்கள். வரட்டும், அவரே வாங்கட்டும். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் முறை பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். சென்னையில் நல்ல பழைய வண்டிக்கு எந்த வாரமும் பஞ்சம் வந்ததில்லை.